வெள்ளை முகம் மறைந்த மந்தை

வாசகர் கடிதம் (சுருக்கம்): அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டனுக்கு மேற்கே ஒன்றரை மணி நேரப் பயணத் தொலைவில் எங்களுக்கு 140 ஏக்கர் புல்வெளி இருக்கிறது. இறைச்சிக்கான கன்றுகளை வளர்த்து ஏழு மாதத்தில் ஏலச் சந்தையில் விற்கிறோம். 2015-இல் ஒரே பண்ணையிலிருந்து கருப்பு உடலும் வெள்ளை முகமும் கொண்ட 25 கிடேரிகளை வாங்கினோம். வேறோர் இடத்திலிருந்து, கருப்பு இறைச்சி மாட்டினமான ஆங்கஸ் பொலிகாளை ஒன்றை வாங்கினோம். நல்ல கிடேரிக் கன்றுகளை விற்காமல் மந்தையிலேயே நிறுத்தினோம். அந்தக் காளை 2019 வரை இருந்தது. அதன்பின், 2017-இல் எங்களிடமே பிறந்த அதன் மகனைப் பொலிகாளையாக வைத்திருக்கிறோம்; தகப்பனைப் போலவே முழுக் கருப்பு, நல்ல உடற்கட்டு. இப்போது 31 பசுக்கள்: பழையவை 14, வீட்டில் பிறந்தவை 17. முன்பு பால் மறக்கும்போது கன்றுகள் சராசரி 240 கிலோ இருந்தன. கடந்த இரண்டு ஆண்டுகளாக 214 கிலோதான். சென்ற முறை ஆறு பசுக்கள் சினை பிடிக்கவில்லை. ஈற்றுக் காலம் பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை இழுத்துக்கொண்டு போகிறது. ஒரு கன்று கீழ்த்தாடை குட்டையாகப் பிறந்து இறந்தது. பக்கத்துப் பண்ணைக்காரர், "ஒரே வம்சத்தில் வைத்திருந்தால்தான் மந்தை ஒரே சீராக இருக்கும்" என்கிறார்; வீட்டில் பிறந்த பசுக்களும் இப்போது ஒரே சீராகக் கருப்பாகத்தான் இருக்கின்றன. ஊரிலிருந்து பேசிய என் மாமா, "அக்காள் மகளைக் கட்டிக்கொள்வது நம்மிடம் இல்லாத வழக்கமா, மாட்டுக்கு மட்டும் என்ன வந்தது?" என்று கேட்டார். இது உறவுக்குள் சேர்ந்ததால் வந்த கேடுதானா? மந்தையின் மரபணுப் பன்மையைக் கூட்ட எந்தக் காளையை வாங்குவது? இந்திய மாடுகளிலிருந்து உருவான பிராமன் இனக் காளை சரிப்படுமா? எல்லா மாடுகளுக்கும் மரபணுப் பரிசோதனை வேண்டுமா? இந்தியாவிலிருந்து ஓங்கோல் அல்லது காங்கேயம் உறைவிந்தைத் தருவிக்க முடியுமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

ஆண்டுகளையும் எண்ணிக்கைகளையும் இவ்வளவு தெளிவாக எழுதியதற்கு நன்றி. பெரும்பாலான கடிதங்களில் "மாடு முன்போல் இல்லை" என்ற ஒரு வரிதான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. உங்கள் கணக்கு இருப்பதால் உங்கள் மந்தையில் நடந்ததைப் படிப்படியாகப் பின்தொடர முடிகிறது. ஆனால் மரபணுவுக்குப் போவதற்கு முன் இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். ஏனென்றால் நீங்கள் சொல்லும் அறிகுறிகளில் சில மரபணுவைச் சேர்ந்தவை அல்ல என்று நான் சந்தேகப்படுகிறேன்.

31-இல் ஆறு பசுக்கள் சினை பிடிக்காததும், ஈற்றுக் காலம் ஐந்து மாதத்துக்கு நீண்டதும் சேர்ந்து வரும்போது ஒரு கால்நடை மருத்துவருக்கு முதலில் நினைவுக்கு வருவது டிரைக்கோமோனியாசிஸ் என்னும் நோய். இதை உண்டாக்கும் நுண்ணுயிரி காளையின் குறியுறை மடிப்புகளில் தங்கியிருக்கும். காளைக்கு எந்தத் தொல்லையும் தெரியாது, நன்றாக மேயும், நன்றாகத் தாவும். பசுவிலோ கரு பிடித்த சில வாரங்களில் கலைந்துவிடும், அது மீண்டும் பருவத்துக்கு வந்து காலம் தாழ்ந்து சினையாகும். உங்கள் காளை வீட்டை விட்டு வெளியே போகாததாக இருக்கலாம், ஆனால் வேலி தாண்டி வந்த ஓர் அயல் காளையோ, இடையில் வாங்கிய ஒரு பசுவோ போதும். இந்த நோய்க்கான பரிசோதனையையும், கூடவே பொலிகாளைத் தகுதிப் பரிசோதனையையும் உடனே செய்யச் சொல்லுங்கள். இரண்டு வயதைத் தாண்டிய காளைக்கு விதைப்பையின் சுற்றளவு குறைந்தது 34 சென்டிமீட்டர் இருக்க வேண்டும்; விந்தணுக்களில் 30 சதவீதமாவது முன்னோக்கி நகர வேண்டும்; 70 சதவீதமாவது வடிவம் கெடாமல் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்றில் தவறினாலும், ஆறு பசுக்களின் மலட்டுத்தன்மைக்கு வம்சத்தைக் குறை சொல்வது நியாயமாகாது.

இரண்டாவது வேலை உங்கள் எடைப் பதிவேட்டிலேயே இருக்கிறது. கடந்த இரண்டு ஆண்டுக் கன்றுகளைத் தாயை வைத்து இரண்டாகப் பிரியுங்கள்: பழைய 14 பசுக்களின் கன்றுகள் ஒரு பக்கம், வீட்டில் பிறந்த 17 பசுக்களின் கன்றுகள் மறுபக்கம். வீட்டில் பிறந்தவற்றில் ஐந்து வயதைத் தாண்டிய பசுக்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் தலையீற்றுப் பசுவின் கன்று எப்போதும் இருபது, இருபத்தைந்து கிலோ இளைத்தே இருக்கும். அதைச் சேர்த்தால் கணக்கு தடுமாறும். பழைய பசுக்களின் கன்றுகளும் அதே அளவு எடை குறைந்திருந்தால் குற்றம் புல்லிலோ, குடற்புழுவிலோ, 2022 கோடையில் உங்கள் பகுதியைத் தாக்கிய வறட்சிக்குப் பிறகு இன்னும் தேறாத மேய்ச்சல் நிலத்திலோ இருக்கிறது. வீட்டுப் பசுக்களின் கன்றுகள் மட்டும் இளைத்திருந்தால் நாம் இனிப் பேசப்போவது உங்களுக்கு முழுமையாகப் பொருந்தும்.

இப்போது உறவுமுறைக் கணக்குக்கு வருகிறேன். ஒரு கன்றின் தாயும் தகப்பனும் உறவாக இருந்தால், அந்தக் கன்று ஒரே மூதாதையின் ஒரே மரபணுவை இரண்டு வழியாகவும் பெறும் வாய்ப்பு எவ்வளவு என்பதை உறவுச் சேர்க்கை எண் என்ற ஓர் எண்ணால் குறிப்பது வழக்கம். அமெரிக்க வேளாண் துறையில் பணியாற்றிய சூவல் ரைட் 1922-இல் இந்தக் கணக்கை வகுத்துத் தந்தார். ஷார்ட்ஹார்ன் மாடுகளின் வம்ச ஏடுகளில்தான் அதை விரிவாகப் பொருத்திப் பார்த்தார். தகப்பனும் மகளும் சேர்ந்தால் பிறக்கும் கன்றுக்கு 25 சதவீதம். ஒரே தகப்பனின் வெவ்வேறு தாய்ப் பிள்ளைகள் சேர்ந்தால் 12.5 சதவீதம். உங்கள் மாமா சொன்ன அக்காள் மகள் திருமணத்துக்கும் இதே 12.5 சதவீதம்தான், எனவே அவருடைய ஒப்பீட்டை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் எந்தக் குடும்பத்திலும் ஒருவரே மகள்களுக்கும் பேத்திகளுக்கும் கணவராவதில்லை. மந்தையில் அது நடக்கிறது, அதுவும் யாரும் திட்டமிடாமல் நடக்கிறது.

உங்கள் முதல் காளை 2015-இல் மந்தைக்கு வந்தது. அதன் மகள்கள் 2016-இல் பிறந்து, பதினைந்து மாதத்தில் பருவமடைந்து, 2017 கோடையில் அதே மேய்ச்சலில் நின்றன. அந்தக் காளை 2019 வரை இருந்ததால் மூன்று பருவங்கள் தன் மகள்களோடு சேர்ந்தது. அந்தக் கன்றுகள் 25 சதவீதம். பிறகு மகன் காளை வந்தது. அது தன் தகப்பனின் மகள்களோடு சேர்ந்த கன்றுகள் 12.5 சதவீதம், தன்னைப் பெற்ற பசு இன்னும் பழைய 14-இல் இருந்தால் அதன் கன்று 25 சதவீதம், பழைய பசுக்களிடம் தனக்குப் பிறந்த மகள்களைச் சேர்ந்தால் 25 சதவீதம், தன் தகப்பன் வழிச் சகோதரிகளிடம் பிறந்த மகள்களைச் சேர்ந்தால் 31.25 சதவீதம். இந்தக் கடைசி எண்ணைச் சற்று நின்று பாருங்கள். மொன்டானா மாநிலத்தின் மைல்ஸ் சிட்டி ஆராய்ச்சி நிலையத்தில் 1934 முதல் வெளி இரத்தம் கலக்காமல் காக்கப்படும் 'லைன் 1' என்ற ஹெர்ஃபோர்டு இன இறைச்சி மாட்டு மந்தை இருக்கிறது. 2009-இல் மாட்டின் முழு மரபணுத் தொகுதியை முதன்முதலாக வெளியிட்டபோது, அந்த மந்தையின் டாமினெட் என்ற பசுவைத்தான் எடுத்துக்கொண்டார்கள்; உறவுச் சேர்க்கையால், தாய் வழியும் தகப்பன் வழியும் வந்த அதன் இரு மரபணுப் பிரதிகளும் பெரிதும் ஒத்திருந்தது கோத்துப் படிக்க எளிதாக இருந்தது என்பது அதைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம். அந்தப் பசுவின் உறவுச் சேர்க்கை எண் 30 சதவீதம். அறுபது ஆண்டுகளுக்கும் மேல் மூடியே வைத்திருந்த மந்தை அடைந்த இடத்தை உங்கள் வீட்டுக் கன்றுகளில் சில பத்தே ஆண்டுக்குள் அடைந்துவிட்டன.

ஒரே காளை என்பதுதான் இதன் வேர். மந்தையில் 32 உயிர்கள் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு கன்றுக்கும் பாதி மரபணு அந்த ஒரு காளையிடமிருந்துதான் வருகிறது. ஒரு காளையும் 31 பசுக்களும் உள்ள மூடிய மந்தையை மரபியல் கணக்கில் எடை போட்டால், அது நான்கு மாடுகளுக்கும் குறைவான மந்தை போலவே நடந்துகொள்ளும். ஒரு தலைமுறைக்கு ஏறத்தாழ 13 சதவீதம் உறவு நெருங்கும். ஓர் இனம் நீண்ட காலம் நிலைக்க, இப்படி எடை போட்ட மாடுகளின் எண்ணிக்கை 50-க்குக் கீழே போகக்கூடாது என்பது ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வழிகாட்டுதல். அதன்படி நெருக்கம் தலைமுறைக்கு 1 சதவீதம்தான் கூடும்.

இதனால் எடை எவ்வளவு குறையும்? பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டது, கன்றின் எண் ஒரு சதவீதம் ஏறினால் பால் மறக்கும் எடை ஏறத்தாழ 0.44 கிலோ குறைகிறது என்பது. 31 சதவீதக் கன்றுக்கு 13, 14 கிலோ நட்டம். ஆனால் உங்கள் மந்தையின் சராசரி 10 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும் என்று என் கணக்கு சொல்கிறது, ஏனெனில் பழைய பசுக்களின் கன்றுகளில் பெரும்பாலானவை உறவுச் சேர்க்கையில் பிறந்தவை அல்ல. ஆக, 26 கிலோ இழப்பில் நாலைந்து கிலோவுக்குத்தான் கன்றின் உறவுச் சேர்க்கை பொறுப்பு; தாயே அப்படிப் பிறந்து பால் வற்றியிருந்தால் இன்னும் சில கிலோ. மீதிக்கு வேறு காரணம் வேண்டும். அதில் ஒன்று உங்கள் கடிதத்திலேயே ஒளிந்திருக்கிறது.

நீங்கள் வாங்கிய 25 கிடேரிகளும் கருப்பு உடலும் வெள்ளை முகமும் கொண்டவை. அவை 'பிளாக் பால்டி' என்று உங்கள் ஏலச் சந்தையில் அழைக்கப்படுபவை. ஆங்கஸும் ஹெர்ஃபோர்டும் சேர்ந்த முதல் தலைமுறைக் கலப்பு. கருப்பு ஆங்கஸ் கொடுத்தது, வெள்ளை முகம் ஹெர்ஃபோர்டு கொடுத்தது. அந்த வெள்ளை முகத்துக்கான மரபணு ஒரு பிரதி இருந்தாலே போதும், முகம் வெளுத்துவிடும். முதல் தலைமுறைக் கலப்பில் ஒவ்வொரு மரபணு இடத்திலும் ஒரு பிரதி ஓர் இனத்திலிருந்தும் மற்றொன்று அடுத்த இனத்திலிருந்தும் வந்திருக்கும். ஒன்றில் பழுதிருந்தால் மற்றது தாங்கிக்கொள்ளும். இதைத்தான் கலப்பின வீரியம் என்கிறோம். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் கீத் கிரெகரி, லாரி கண்டிஃப் முதலிய ஆய்வாளர்கள் ஹெர்ஃபோர்டு, ஆங்கஸ், ஷார்ட்ஹார்ன் இனங்களைப் பல ஆண்டுகள் கலந்து பார்த்தார்கள். காளையோடு சேர்த்துவிட்ட ஒவ்வொரு பசுவுக்கும் பால் மறக்கும்போது கிடைக்கும் கன்று எடை, கன்று கலப்பாக இருந்ததால் 8.5 சதவீதமும், தாய் கலப்பாக இருந்ததால் மேலும் 14.8 சதவீதமும் உயர்ந்தது. தாயின் பங்கே பெரிது. சினை பிடிப்பது, கன்று உயிரோடு பிறப்பது, பால் சுரப்பது, வயதான பின்னும் மந்தையில் நிலைப்பது எல்லாம் அதில் அடங்கும்.

அந்தக் கிடேரிகளின் மேல் ஆங்கஸ் காளையை விட்டபோது பிறந்த மகள்களுக்கு வீரியம் பாதியாயிற்று. அந்த மகள்கள் மீண்டும் ஆங்கஸ் காளையோடும், முக்கால் ஆங்கஸான அதன் மகனோடும் சேர்ந்தபோது பிறந்தவற்றுக்குக் கால் பங்குக்கும் எட்டில் மூன்று பங்குக்கும் இடையே வந்து நிற்கிறது. வெள்ளை முகங்கள் ஒவ்வொன்றாக மறைந்ததை மந்தை சீராகிறது என்று நீங்கள் மகிழ்ந்திருக்கிறீர்கள். மகன் காளையைத் தேர்ந்தெடுத்ததும் அது முழுக் கருப்பாக இருந்ததால்தான். முகத்தின் நிறம் ஒரே ஒரு மரபணு இடத்தைத்தான் காட்டும், அதை வைத்து முழு மாட்டையும் அளக்கக் கூடாது என்பது உண்மை. ஆனாலும் உங்கள் மந்தையில் ஹெர்ஃபோர்டின் பங்கு கரைந்துகொண்டிருந்ததை வெளியே காட்டிய ஒரே அடையாளம் அதுதான். 2015-இல் விலை கொடுத்து வாங்கிய மரபணுப் பன்மையை ஈற்றுக்கு ஈற்று செலவழித்துவிட்டீர்கள், அதுவும் மந்தை அழகாகிறது என்ற நம்பிக்கையில். இதை உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. நான் பார்த்த சிறு மந்தைகளில் பாதிக்கு மேல் இதே வழியில்தான் இறங்கின.

பக்கத்துப் பண்ணைக்காரர் சொல்வது பழைய காலத்துப் பெரிய பண்ணையாளர்கள் நம்பியதுதான். இங்கிலாந்தின் தாமஸ் பேட்ஸ் தன் டச்சஸ் வம்ச ஷார்ட்ஹார்ன் மாடுகளை அப்படித்தான் காத்தார். 1873-இல் அமெரிக்காவின் நியூயார்க் மில்ஸ் என்ற ஊரில் நடந்த ஏலத்தில் அந்த வம்சத்துப் பசு ஒன்று 40,600 டாலருக்குப் போனது. அந்தக் காலத்து 40,600 டாலர். அந்த ஏலம் நடந்தபோதே அந்த வம்சத்துப் பசுக்கள் கன்று ஈனுவது அரிதாகிக்கொண்டிருந்தது. பிறகு தூய டச்சஸ் கிளை அற்றே போயிற்று. மைல்ஸ் சிட்டி மந்தை தழைத்ததே என்று பக்கத்துப் பண்ணைக்காரர் கேட்கலாம். அங்கே பல காளைகள், பெரிய பசுக் கூட்டம், ஒவ்வொரு கன்றுக்கும் எடைக் கணக்கு, தேறாதவற்றை இரக்கமில்லாமல் கழிக்கும் ஒழுங்கு, எல்லாவற்றுக்கும் மேலாக அரசின் பணம் இருந்தன. 31 பசு வைத்திருப்பவருக்கு அது வழியாகாது.

கீழ்த்தாடை குட்டையான கன்று என்னை யோசிக்க வைக்கிறது. ஒரு கன்றை வைத்து மரபுக் குறை என்று முடிவு கட்ட முடியாது. ஆனால் இறந்த கன்றின் காது நுனியில் ஒரு துண்டை வெட்டி உறையவைத்திருந்தால் பின்னால் பயன்பட்டிருக்கும். அடுத்த முறை அப்படிச் செய்யுங்கள். ஒடுங்கு மரபணுக்கள் ஒற்றைப் பிரதியாக இருக்கும்வரை வெளியே தெரியாது; இரு பக்கமும் அதைச் சுமக்கும் மாடுகள் சேர்ந்தால் நாலில் ஒரு கன்றில் வெளிப்படும். 1940, 50-களில் அமெரிக்க ஹெர்ஃபோர்டு மந்தைகளில் குள்ளக் கன்றுகள் பெருகியதும், 2008-இல் ஆங்கஸ் மந்தைகளில் முதுகெலும்பு வளைந்து கால்கள் மடங்கி இறந்தே பிறந்த கன்றுகள் வெளிப்பட்டதும் இப்படித்தான். ஆங்கஸ் குறையைத் தேடிப்போனபோது வழி ஒரே மூதாதைக் காளையிடம் போய் நின்றது. அதன் வழிவந்த காளைகளின் உறைவிந்து சினை ஊசி மூலம் ஆயிரக்கணக்கான மந்தைகளுக்குப் போயிருந்தது.

காளை வாங்கப் போகும்போது இந்தச் செய்தி உங்கள் நினைவில் இருக்க வேண்டும். வேறு பண்ணை, வேறு மாவட்டம் என்பதால் காளை உறவில்லாதது ஆகிவிடாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பண்ணையாளர் உறவு நெருங்கக் கூடாது என்று கவனமாக மூன்று வெவ்வேறு விற்பனையாளர்களிடம் மூன்று ஆங்கஸ் காளைகளை வாங்கியிருந்தார். அவருடைய சமையலறை மேசையில் மூன்று வம்சச் சான்றிதழ்களையும் வரிசையாக விரித்து, திரும்பத் திரும்ப வரும் பெயர்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டுக்கொண்டே வந்தோம். தாத்தா, முப்பாட்டன் வரிசையில் ஒரே காளையின் பெயர் ஐந்து இடங்களில் நின்றது. மந்தைகள் மூன்று, இரத்தம் ஏறத்தாழ ஒன்று. ஓர் இனத்தில் எத்தனை லட்சம் மாடுகள் இருக்கின்றன என்பதைவிட, அவை எத்தனை காளைகளின் பிள்ளைகள் என்பதுதான் அந்த இனத்தின் பன்மையைத் தீர்மானிக்கிறது.

இனி என்ன செய்வது? முதலில் மனத்தை லேசாக்கும் ஒரு செய்தி: உறவுச் சேர்க்கையால் வந்த கேடு நிரந்தரமானதல்ல. 31 சதவீதம் எண் கொண்ட பசுவை அதனோடு உறவே இல்லாத காளையோடு சேர்த்தால், பிறக்கும் கன்றின் எண் பூஜ்யம். அந்தப் பசுவின் பால் குறைவு மட்டும் அதோடு இருக்கும். ஆகவே 17 பசுக்களையும் விற்றுவிட வேண்டும் என்று பதற வேண்டாம். விற்க வேண்டியது காளையை. சினை பிடிக்காத ஆறையும் அதோடு அனுப்பிவிடுங்கள். அவற்றுக்கு இன்னொரு வாய்ப்புத் தருவது இறைச்சி மாட்டுத் தொழிலில் கட்டாது.

வரும் காளைக்கு எந்த இனம் என்பது, கிடேரிகளை இனியும் வீட்டிலேயே நிறுத்தப்போகிறீர்களா என்பதைப் பொறுத்தது. என் தெளிவான கருத்து, நிறுத்தாதீர்கள். ஒரே காளை வைத்திருக்கும் மந்தையில் கிடேரியை நிறுத்தினால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை காளையை மாற்றியாக வேண்டும். மாற்ற மறந்த ஆண்டில் பழைய கதை திரும்பும். அதற்குப் பதிலாக ஆண்டுக்கு நாலைந்து முதல் தலைமுறைக் கலப்புக் கிடேரிகளை வெளியே வாங்குங்கள். உங்கள் பகுதியின் வெயிலுக்கும் உண்ணிக்கும் ஹெர்ஃபோர்டும் பிராமனும் சேர்ந்த வரிக்கோட்டுக் கிடேரிகள் மிகவும் பொருந்தும். 'டைகர் ஸ்டிரைப்' என்று கேட்டால் சந்தையில் காட்டுவார்கள். விலை அதிகம்தான். ஆனால் தாயின் வீரியம் முழுதாகக் கிடைக்கும், பசு பன்னிரண்டு, பதினான்கு வயது வரை ஈனும். அவற்றின் மேல் ஆங்கஸ் அல்லது சாரோலே இனக் காளையை விட்டு, பிறக்கும் கன்றுகளை ஆண் பெண் பார்க்காமல் எல்லாவற்றையும் விற்றுவிடுங்கள். முதல் ஈற்றுக் கிடேரிகளுக்கு மட்டும் பிறப்பு எடை குறைந்த ஆங்கஸ் காளையே வேண்டும். மகள் மந்தையில் நிற்காததால் ஒரே காளை ஐந்தாறு ஆண்டு இருந்தாலும் உறவுக் கவலை கிடையாது.

கிடேரியை நிறுத்தியே தீர வேண்டும் என்றால், இனங்களைச் சுழற்சி முறையில் மாற்றுங்கள்: முதலில் ஹெர்ஃபோர்டு, அடுத்து பிராமன் இரத்தமுள்ள காளை, பிறகு ஆங்கஸ். மூன்று இனச் சுழற்சியில் நாளடைவில் முழு வீரியத்தில் 86 சதவீதம் நிலைக்கும். இரண்டு இனச் சுழற்சியில் 67 சதவீதம். ஆனால் கண்டதையெல்லாம் கலப்பது பன்மையைப் பயன்படுத்துவது ஆகாது. ஒவ்வோர் ஆண்டும் மலிவாகக் கிடைத்த ஒரு காளையை விட்டால், ஒரே மந்தையில் முப்பது விதக் கன்றுகள் பிறந்து, ஏலத்தில் ஒரே தொகுதியாக விற்க முடியாமல் விலை விழும்.

பிராமன் காளையை உங்கள் இப்போதைய பசுக்களின் மேல் விடலாமா என்று கேட்டீர்கள். விடலாம், வயது வந்த பசுக்களின் மேல் மட்டும். பிராமன் தகப்பனும் ஆங்கஸ் வகைத் தாயும் சேர்ந்தால் கன்று பெரிதாகப் பிறக்கும்; அதையே திருப்பிப் பிராமன் தாயும் ஆங்கஸ் தகப்பனும் என்றால் சிறிதாகப் பிறக்கும். இனங்கள் அதே இரண்டுதான், ஆனால் எது தாய் என்பதைப் பொறுத்து ஈற்றில் இவ்வளவு வேறுபாடு. தலையீற்றுக் கிடேரியின் மேல் பிராமன் காளையை விட்டு நள்ளிரவில் கன்றை இழுத்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். தொங்கிய காதும் திமிலும் உள்ள ஆண் கன்றுக்குச் சந்தை விலை சற்றுக் குறைவு என்பதையும் கணக்கில் வையுங்கள். இலாபம் கிடேரிகளில்தான்.

எந்த இனமானாலும் காளையின் பதிவு எண்ணை வைத்து அதன் கன்று எதிர்பார்ப்பு மதிப்புகளைப் பாருங்கள். பால் மறக்கும் எடைக்கு ஒரு காளைக்கு 40, இன்னொன்றுக்கு 60 என்றிருந்தால், ஒரே மாதிரிப் பசுக்களின் மேல் விட்டால் இரண்டாவதின் கன்றுகள் சராசரி 20 பவுண்டு கூடுதலாக இருக்கும் என்று பொருள். இனங்களுக்கு இடையிலான வேறுபாடு ஒரு செல்வம் என்றால், ஓர் இனத்துக்குள் காளைக்குக் காளை இருக்கும் இந்த வேறுபாடும் அதே அளவு செல்வம். எடை, இறைச்சியின் கொழுப்புப் பரவல் ஆகியவற்றை இப்படித் தேர்ந்தெடுத்துக் கூட்டலாம். சினை பிடிக்கும் திறனை அப்படிக் கூட்டுவது கடினம். அதைத் தருவது கலப்பின வீரியம்தான். இரண்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், ஒன்றை விட்டு ஒன்று நிற்காது.

மரபணுப் பரிசோதனையை 31 மாட்டுக்கும் செய்ய வேண்டாம். யார் யாருடைய கன்று என்பது உங்களுக்கே தெரியும். அந்தப் பணத்தை நல்ல காளைக்குச் சேருங்கள். வாங்கப்போகும் காளைக்கு மட்டும், அந்த இனத்தில் அறியப்பட்ட மரபுக் குறைகளுக்கான பரிசோதனை முடிந்திருக்கிறதா என்று கேளுங்கள். முடியவில்லை என்றால் நீங்களே செய்யலாம்: வால் குஞ்சத்திலிருந்து இருபது, முப்பது மயிர்களை விரலில் சுற்றி ஒரே இழுப்பில் பிடுங்குங்கள். அடியில் வெண்மையான சிறு குமிழ் ஒட்டியிருக்க வேண்டும். மரபணு அந்தக் குமிழில்தான் இருக்கிறது. கத்தரித்த மயிரை அனுப்பினால் பயனில்லை. சாணமும் ஈரமும் இல்லாமல் அட்டையில் ஒட்டி அனுப்புங்கள்.

ஓங்கோல், காங்கேயம் பற்றிக் கேட்டதில் உங்கள் ஊர்ப்பற்றைப் பார்க்கிறேன். கோமாரி நோய் இருக்கும் நாடு என்பதால் இந்தியாவிலிருந்து மாடுகளை அமெரிக்காவுக்குள் விடமாட்டார்கள். உறைவிந்தையும் உங்களைப் போன்ற தனி ஒருவர் தருவிப்பது நடைமுறையில் ஆகாத காரியம். காங்கேயமோ உழவுக்கும் வண்டிக்கும் பல தலைமுறை தேர்ந்தெடுக்கப்பட்ட மாடு. இறைச்சி மந்தையில் அதற்கு வேலையில்லை, அது காக்கப்பட வேண்டிய இடம் கொங்கு நாட்டின் மேய்ச்சல் நிலங்களான கொரங்காடுகள்தான். ஆனால் ஓங்கோல் உங்கள் பகுதிக்கு நூறு ஆண்டுக்கு முன்பே வந்துவிட்டது. அமெரிக்க பிராமன் என்ற இனமே கிர், குஜராத், கிருஷ்ணா பள்ளத்தாக்கு மாடுகளோடு, அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதி ஓங்கோல் மாடுகளையும் சேர்த்து உருவாக்கியது. 1854-க்கும் 1926-க்கும் இடையே அங்கே இறங்கியவை 300-க்கும் குறைவு; 266 காளைகள், 22 பசுக்கள் என்று கணக்கு. பசுக்கள் அவ்வளவு குறைவாக வந்ததால், அந்தக் காளைகளை உள்ளூர் ஐரோப்பிய வகைப் பசுக்களின் மேல் விட்டுத் தலைமுறை தலைமுறையாக இந்திய மாட்டின் பங்கைக் கூட்டினார்கள். அதனால் திமிலும் அலைதாடியும் நம் ஊர் மாடாகத் தோன்றும் பல பிராமன் பசுக்களில், தாய்வழியாக மட்டும் இறங்கும் மரபணு இன்றும் ஐரோப்பிய மாட்டுடையதுதான். பிரேசிலின் நெலோர் மாடுகளிலும் அப்படியே. நாட்டு மாட்டின் இரத்தம் உங்கள் மந்தையில் வேண்டும் என்றால் வரிக்கோட்டுக் கிடேரிகளை வாங்குங்கள். அது அவற்றோடு வந்துவிடும்.

உங்கள் பகுதியில் பொலிகாளை விற்பனைகள் குளிர்காலத்தில் தொடங்கும். அதற்குள் காளையின் இரண்டு பரிசோதனை முடிவுகளும், தாய்வாரியாகப் பிரித்த எடைக் கணக்கும் கையில் இருக்க வேண்டும். டிரைக்கோமோனியாசிஸ் உறுதியானால் நான் மேலே சொன்ன வரிசை மாறும்: புதுக் காளையை உடனே விடக்கூடாது, முதலில் பசுக்களுக்கு மருத்துவர் சொல்லும் அளவு பாலுறவு ஓய்வு தர வேண்டும். வாங்கும் காளை இதுவரை பசுவோடு சேராத இளங்காளை என்ற சான்றையோ, நோயில்லை என்ற பரிசோதனைச் சான்றையோ எழுத்தில் பெறாமல் அதை வண்டியில் ஏற்றாதீர்கள். எடைக் கணக்கைப் பிரித்த பின் பழைய பசுக்களின் கன்றுகளும் இளைத்திருப்பதாகத் தெரிந்தால், புல்வெளியின் மண் பரிசோதனை முடிவையும் சேர்த்து மீண்டும் எழுதுங்கள்.